கட்-ஆஃப் மட்டும் போதாது, வரிசையும் முக்கியம்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கட்-ஆஃப் எவ்வளவு?" கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் அந்த எண் முக்கியம்தான். ஆனால், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் மாணவர் ஆன்லைனில் கொடுக்கும் விருப்பப் பட்டியலும் அதே அளவு முக்கியம்.

இது எப்படி வேலை செய்கிறது? தரவரிசைப்படி ஒவ்வொருவர் பட்டியலையும் கணினி மேலிருந்து கீழாகப் பார்க்கும். இடம் இருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்கிவிடும். எனவே, 'கிடைக்காது' எனத் தோன்றும் கல்லூரியை முதலில் போட்டாலும் நஷ்டமில்லை. கீழே உள்ள வாய்ப்புகள் அப்படியே இருக்கும். 'எப்படியும் இதுதான் கிடைக்கும்' என்று சுமாரான கல்லூரியை மேலே வைத்தால்தான் சிக்கல். நாலைந்து கல்லூரிகளோடு நிறுத்திக்கொண்டால், அந்தச் சுற்றில் எதுவுமே கிடைக்காமலும் போகலாம்.

இந்த எளிய விதி தெரியாமல், பட்டியலை பிரவுசிங் சென்டரிலோ ஏஜென்ட்டிடமோ விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறை மாணவருக்குத்தான் இதில் இழப்பு அதிகம். இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தும் பள்ளிகள், மாதிரிப் பட்டியல் போட்டுப் பழக ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும்.

கலந்தாய்வைத் தாண்டி இன்று வேலையில் இருப்பவர்களும், ஊரில் உள்ள தம்பி, தங்கையிடம் அரை மணி நேரம் பேசலாம். "எது கிடைக்கும்னு யோசிக்காதே, எது வேணுமோ அதை மேல போடு. பாஸ்வேர்டை யார்கிட்டயும் கொடுக்காதே" என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.