முதலாளி இல்லாத வேளையிலும்

கண்டிக் கடைவீதியின் பழைய பலசரக்குக் கடைகளை நம்மிற் பலர் மறந்திரார். முதலாளி இலாச்சியருகே அமர்ந்திருப்பார். வருவோர் பெயரும் குடும்ப நிலையும் அவர் நாவில் இருக்கும். அவர் நோயுற்றுப் படுத்தாலோ, வாடிக்கையும் உடன் படுத்துவிடும்.

இன்று தேயிலையும் கறுவாவும் இணையவழி விற்கப் புகுந்துள்ள நம் பழைய மாணவர் சிலருக்கும் இவ்விடர் உண்டு. ஒவ்வொருவருக்கும் தாமே மறுமொழி எழுதி இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். இது வணிகமன்று, தம்மைத் தாமே விற்றலாகும்.

இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 1844 ஆம் ஆண்டு நெசவாளர் முதலிய 28 பேர் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தனர். ஆதாயத்தை அங்கத்தவர் அவரவர் கொள்முதல் அளவுக்கேற்பப் பகிர்ந்தனர். எவரும் எவரது தயவையும் நாட வேண்டியிருக்கவில்லை. கணக்கேடே வாடிக்கையைக் காத்தது. 1904 இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுச் சங்கமும் அந்நெறியைப் பின்பற்றி எழுந்ததே.

ஆதலின் நாம் கூறுவது இது: விதியை ஒருமுறை தெளிவாக வகுத்து யாவரும் காண அறிவியுங்கள். வாங்குந்தோறும் உரிய கழிவு தானே பதிவாகட்டும். தேயிலை தீரும் காலமறிந்து நினைவூட்டு மடல் தானே செல்லட்டும். பழுதுற்ற பொருளை மாற்றிக் கொடுக்கும் உரிமை சிப்பந்திக்கும் இருக்கட்டும்.

எனினும் சரக்கின் தரத்தையும், மனம் நொந்தவர் முறையீட்டையும் பொறியிடம் விடற்க. கழிவு எத்துணை கொடுப்பினும் கலப்படத் தேயிலையை எவரும் மறுமுறை வாங்கார். முதலாளி ஓய்வு கொள்ளலாம். அவர் நேர்மை ஓய்வு கொள்ளலாகாது.