திறவுகோல் யார் கையில்?

மருத்துவத்திற்கு உறுப்பு நான்கென வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்பன அவை. இன்று ஐந்தாவதாக ஒன்று புகுந்துள்ளது. அது கணிப்பொறியில் ஏறிய நோய்க்குறிப்பு. முன்னைய நான்கும் நோயாளன் கண்முன் நிற்பவை. ஐந்தாவதோ அவன் காணாத இடத்தில், அவன் அறியாத மொழியில் கிடக்கின்றது!

தில்லி அரசு 27.9.2021-இல் 'ஆயுசுமான் பாரத் டிஜிட்டல் மிசன்' என்னும் திட்டத்தை நாடு முழுமைக்கும் விரித்தது. பெயரின் முன்பாதி வடமொழி, பின்பாதி ஆங்கிலம். விரும்பிப் பதிவோர்க்கு 14 இலக்க நலவெண் ஒன்று. ஒரு மருத்துவமனைக் குறிப்பை மற்றொன்று அவ்வெண்வழிக் காணலாம்; நோயாளன் இசைந்தால்தான் காணலாம். ஏற்பாடு நன்று. மதுரையில் எடுத்த குருதி ஆய்வைச் சென்னையில் மீண்டும் எடுக்க வேண்டுவதில்லை. ஏழைக்கு அது காசு, சிலபோது உயிர்.

அவ்விசைவு எத்தகையது என்பதே வினா. படிக்கவியலாத ஆங்கில எழுத்தின் கீழ் விரல் வைப்பது இசைவா, அடிமை முறியா? 2023-ஆம் ஆண்டுத் தனியர் தரவுக் காப்புச் சட்டம், அறிவிப்பை ஆங்கிலத்திலோ 8-ஆம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறும் விருப்புரிமையை அளிக்கின்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. ஆயின், கேட்கத் தெரிந்தவனுக்கன்றோ விருப்புரிமை பயன்படும்? கேட்கவும் அறியாத சிற்றூர்க் கிழவிக்கு அதனால் ஆவதென்ன?

காப்பை மிகுத்தால் குறிப்பு மருத்துவர்க்கு எட்டாது. எட்டச் செய்தால் காப்புக் குலையும் என்பார் உளர். இது பொய்ப்பகை. 23.11.2022-இல் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஐந்து வழங்கிகளைக் கயவர் ஊடுருவி முடக்கினர். பன்னாள் தாளும் எழுதுகோலுமே அங்குத் துணை. காப்புக் குலைந்த அன்றே குறிப்பு மருத்துவர்க்கும் எட்டாமற் போயிற்று! உயிர்க்கிடர் நேருங்கால் இசைவின்றியும் தரவைக் கையாள அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவே இடந்தருகின்றது. பின், ஏன் இந்த அச்சுறுத்தல்?

குறிப்புக் களவு போனால் 250 கோடி உருபா வரை தண்டம் என்கின்றது சட்டம். அத்தண்டம் நடுவணரசின் கருவூலத்திற்கே சேரும். தன் மனநோய் ஊரறிய வேலையும் மணமும் இழந்தவளுக்கு அச்சட்டத்தில் ஒரு காசும் இல்லை. முன்பு இழப்பீட்டுக்கு வழிவைத்த தகவல் நுட்பச் சட்டத்தின் 43-அ பிரிவையும் நீக்க இச்சட்டமே வகைசெய்தது. புண் ஒருத்திக்கு, பொருள் தில்லிக்கா?

பொதுநலமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தமிழக அரசு கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. தன் மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இசைவுத்தாள் முதற்கண் தமிழில் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதார்க்கு அதைப் படித்துக் காட்டல் வேண்டும். தன் குறிப்பை யார், எந்நாள் திறந்தார் என்பதை நோயாளன் தமிழிலேயே அறிதல் வேண்டும்.

உடல் தமிழனது, நோயும் அவனது. பூட்டை எவரும் செய்க. திறவுகோல் தமிழில் இல்லையேல், தன் வீட்டு வாயிலிலேயே அவன் அயலான்!