இடைத்தேர்தல் ஒரு மனு

ஒரு தொகுதியில் இடைத்தேர்தல் வாக்குகளை எண்ணத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே அடுத்த பொதுத்தேர்தலின் முடிவையும் அறிவித்துவிடுகிறார்கள். வென்ற கட்சிக்கு அது முன்னோட்டம், தோற்ற கட்சிக்குப் பணநாயகம். அந்தத் தொகுதிக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. இந்தப் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதை வேலூர், ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி எனப் பரவிக் கிடக்கும் தோல் தொழில் வட்டாரம் 2019-இல் காட்டியது.

அந்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று தமிழகத்தில் மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. மே 19 அன்று மேலும் நான்கு தொகுதிகள் வாக்களித்தன. அப்போது தேர்தல் நடந்த 38 மக்களவைத் தொகுதிகளில் 37-ஐ திமுக கூட்டணி அள்ளியது. ஆனால் 22 இடைத்தேர்தல்களில் திமுகவுக்கு 13, அதிமுகவுக்கு 9. அந்த ஒன்பதுதான் எடப்பாடி பழனிசாமியின் ஆட்சியைக் காப்பாற்றியது. அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் திமுகவின் ஜெகத்ரட்சகன் மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதற்குள் அடங்கிய சோளிங்கரின் சட்டமன்ற இடமோ அதிமுகவுக்குப் போனது. ஒரே நாளில், ஒரே சாவடியில் இரண்டு பொத்தான்களை அழுத்திய மக்கள் டெல்லிக்கு ஒரு கணக்கும் கோட்டைக்கு ஒரு கணக்கும் வைத்திருந்தார்கள்.

வேலூரின் கதை இன்னும் அழுத்தமானது. பெரும் தொகை சிக்கியதால் வேலூர் மக்களவைத் தேர்தல் மட்டும் ரத்தானது. அதே தொகுதிக்குள் இருக்கும் ஆம்பூர், குடியாத்தம் இடைத்தேர்தல்கள் குறித்த நாளில் நடந்தன. இரண்டிலும் திமுக எளிதாக வென்றது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 5 அன்று மக்களவைக்கு வாக்குப்பதிவு நடந்தபோது திமுகவின் கதிர் ஆனந்த் வெறும் 8,141 வாக்குகளில் கரையேறினார். குடியாத்தத்தில் அவர் பின்தங்கினார். அவரைத் தாங்கிப் பிடித்தவற்றில் முதன்மையானது வாணியம்பாடி. முத்தலாக் மசோதாவை அதிமுகவின் ஒரே மக்களவை உறுப்பினர் ஆதரித்துப் பேசி இரண்டு வாரம்கூட ஆகாத நேரம் அது. காஷ்மீரின் சிறப்புத் தகுதியை நீக்கும் அறிவிப்பு நாடாளுமன்றத்தில் வந்ததும் அதே வாக்குப்பதிவு நாளில்தான். முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் ஊர்கள் அவற்றை எடைபோட்டதில் வியப்பில்லை. ஏப்ரல் முடிவை வைத்து ஆகஸ்டைக் கணித்திருந்தால் கணித்தவர் ஏமாந்திருப்பார்.

மற்ற இடைத்தேர்தல்களும் இதையே சொல்கின்றன. திருமங்கலத்தில் 2009 ஜனவரியில் பெரு வெற்றி பெற்ற திமுக, 2011-இல் ஆட்சியையே இழந்தது. 2019 அக்டோபரில் விக்கிரவாண்டியையும் நாங்குநேரியையும் வென்ற அதிமுக, 2021-இல் அந்த இரண்டையும் ஆட்சியையும் சேர்த்து இழந்தது. உத்தரப் பிரதேசத்தில் 2018-இல் கோரக்பூரையும் பூல்பூரையும் பறிகொடுத்த பாஜக, அடுத்த ஆண்டே இரண்டையும் மீட்டது.

1973 இடைத்தேர்தலில் திண்டுக்கல் காட்டியது பொய்யா என்று கேட்பவர்கள் உண்டு. புதிதாகப் பிறந்த அதிமுக வென்றது, ஆளும் திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது, 1977-இல் எம்.ஜி.ஆர். முதல்வரானார். பிரிட்டனிலும் 2022, 2023-இல் கன்சர்வேடிவ் கட்சி தன் கோட்டைகளை இடைத்தேர்தல்களில் வரிசையாக இழந்து, 2024-இல் படுதோல்வி கண்டது. இவை உண்மைதான். ஆனால் பிரிட்டனில் பேசியது பலவகைப் பகுதிகளில், பல மாதங்கள் தொடர்ந்து வந்த ஒரே திசை. அங்கேயே 1962-இல் ஆர்பிங்டனில் லிபரல் கட்சி பெற்ற பரபரப்பான வெற்றி, இரண்டு ஆண்டு கழித்து நடந்த பொதுத்தேர்தலில் ஒற்றை இலக்க இடங்களோடு நின்றுபோனது. நம்மூரிலோ அமைச்சர்கள் வீதிவீதியாக முகாமிடுகிறார்கள். 2024-இல் விக்கிரவாண்டியிலும் 2025-இல் ஈரோடு கிழக்கிலும் நடந்ததுபோல முக்கிய எதிர்க்கட்சியே களத்துக்கு வராமல் ஒதுங்குகிறது. இந்தத் தராசில் நாட்டின் மனநிலையை நிறுக்க முடியாது.

இடைத்தேர்தல் எதையுமே சொல்வதில்லை என்பது நம் வாதமல்ல. அந்த ஊரை அன்றைக்கு எது உறுத்துகிறது என்பதை அது சொல்கிறது. இதற்கும் சான்று குடியாத்தம்தான். 1954-இல் முதல்வரான காமராஜர் சட்டமன்றத்துக்குள் வரத் தேர்ந்தெடுத்த தொகுதி அது. காங்கிரசைக் கடுமையாக எதிர்த்துவந்த பெரியாரும் அண்ணாவும் அவரை ஆதரித்தார்கள். அப்பன் தொழிலைப் பிள்ளைக்குப் பாடமாக்கிய ராஜாஜியின் குலக்கல்வித் திட்டம் அப்போது எரியும் பிரச்சினை. அதைக் கைவிட்டவர் காமராஜர். தோல் தொழிலையே சாதியின் பெயரால் இழிவாகப் பார்த்த சமூகத்தில், இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி. குடியாத்தம் அன்று எதிர்காலத்தைக் கணிக்கவில்லை. எது முக்கியம் என்று சொன்னது.

இன்றும் இந்த ஊர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது, தோல் கழிவால் பாலாறு மாசுபடுவதாக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான். அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் வந்துபோன தேர்தல்கள் எத்தனை! ராணிப்பேட்டையில் 2015 ஜனவரியில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி, ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்களின் வேலையைத்தான் முதலில் மிரட்டியது.

ஆகவே நாம் வலியுறுத்துவது மூன்று. முதலாவது, காலியான தொகுதியை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற சட்டம் ஏட்டில் மட்டும் இருக்கக் கூடாது. 2017 செப்டம்பரில் தங்கள் உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்ட பின், வழக்கு முடிந்து தேர்தல் வரும்வரை ஆம்பூரும் குடியாத்தமும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சட்டமன்ற உறுப்பினர் இல்லாமல் இருந்தன. உறுப்பினரின் மறைவால் 2020 பிப்ரவரியில் குடியாத்தம் மீண்டும் காலியாகி, கொரோனா காலம் முழுக்க 2021 வரை அப்படியே கிடந்தது. இரண்டாவது, ஓட்டுக்குப் பணம் சிக்கினால் தேர்தலை ரத்து செய்வதோடு நிற்காமல் வழக்கைத் தண்டனை வரை கொண்டுபோக வேண்டும். ரத்து என்பது வாக்காளருக்கே தண்டனை. மூன்றாவது, இடைத்தேர்தலில் தந்த ஒவ்வொரு வாக்குறுதியும் என்ன ஆயிற்று என்று ஆறு மாதத்தில் சட்டமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும்.

இடைத்தேர்தல் என்பது ஓர் ஊர் அரசுக்கு எழுதும் மனு. அதை முன்னோட்டம் என்று கொண்டாடும் கட்சி, மனுவைப் பிரிக்காமலேயே முத்திரை குத்தித் திருப்பி அனுப்புகிறது. குடியாத்தம் முதல் ஆம்பூர் வரை பதிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார் என்ற கணிப்பு வேண்டாம். பாலாற்றுத் தண்ணீர் எப்போது குடிக்கும்படியாகும் என்ற தேதி வேண்டும்.