சேஷாசலத்தில் தீர்ப்புக்கு முன்பே தண்டனை

2013 டிசம்பரில் திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டனர். கொடூரமான குற்றம்தான். ஆனால் அதற்காகத் தமிழகக் கூலித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைது செய்யப்பட்டார்கள். பலர் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடியினர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தபின், 2016-ல் திருப்பதி நீதிமன்றம் ஏறத்தாழ 300 பேரை விடுதலை செய்தது. போன நாட்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

அவர்களாவது உயிரோடு திரும்பினார்கள்.

2015 ஏப்ரல் 7 அன்று அதே காட்டில், சந்திரகிரி அருகே, செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்களை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது. தற்காப்பு என்றது காவல்துறை. காவலில் வைத்துச் சுட்டார்கள் என்றனர் மனித உரிமை அமைப்பினர். மோதல் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்துத் தந்து ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

விதி ஏட்டில் இருந்தும் நடைமுறையில் எட்டாமல் போவது நம் நாட்டில் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஆபத்து விளைவிக்காத, தப்பியோடும் சந்தேக நபரைச் சுடக்கூடாது என்று 1985-லேயே தீர்ப்பு வந்தது. ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்ற தீர்ப்பு 1963-ல். ஆனால் அங்கும் பல மாநிலங்களில் ஜாமீன் பணமில்லாதவர் சிறையில்தான். ஏட்டுச் சுரைக்காய் அங்கேயும் விளைகிறது.

நம் சட்டமும் குறைந்ததல்ல. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் சாட்சியத்தை விளக்க வேண்டும் என்கிறது. அது ஏட்டோடு நின்றுவிடாதிருக்க, சித்தூர், திருப்பதி நீதிமன்றங்களில் தமிழ் தெரிந்த இலவச வக்கீல்களை நிரந்தரமாக அமர்த்த இரு மாநில அரசுகளும் முன்வர வேண்டும்.