ஊர் சுற்றினால் என்ன?

"ஊர் சுற்றி" என்பது நம் வீடுகளில் ஒரு வசைச்சொல். அதுவும் பெண்பிள்ளையைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய வசை வேறில்லை. அண்ணன்மார் மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால், "காற்று வாங்கப் போயிருக்கிறான்" என்பார்கள். நாம் லஸ் முனை வரை போய் அரைமணி நேரம் தாமதித்து வந்தால், "எங்கே ஊர் சுற்றிவிட்டு வருகிறாய்?" என்பார்கள். அந்தச் சொல்லைப் பற்றித்தான் பத்தாம் வகுப்புத் தோழியர் நாங்கள் நால்வரும் இவ்வாண்டு மலரில் நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

எங்களுள் ஒருத்தியின் வீட்டு மாடியில் ஓர் அக்கா குடியிருந்தார். மலேசியாவில் பினாங்கைச் சேர்ந்தவர். திருவான்மியூர் கலாக்ஷேத்திராவில் நடனம் பயில்வதற்காகக் கடல் கடந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், வெயிலுக்கு ஒரு குடை, புறப்பட்டுவிடுவார். ஒருநாள் எங்களைப் பார்த்து, "லஸ் லஸ் என்கிறீர்களே, லஸ் என்றால் என்ன தங்கச்சி?" என்று கேட்டார். "அது ஒரு பஸ் நிறுத்தம் அக்கா" என்றோம். எங்கள் அறிவு அவ்வளவுதான்!

அடுத்த ஞாயிறு அவரே எங்களை அழைத்துப் போனார். லஸ் என்பது போர்த்துக்கீசியச் சொல்லாம். ஒளி என்று பொருளாம். பிரகாச மாதா ஆலயத்தின் பெயர்தான் அந்த வட்டாரத்திற்கே ஆகிவிட்டது. காடாக இருந்த இடமாதலால் காட்டுக் கோவில் என்றும் அதைச் சொல்வார்கள். அங்கே கல்லில் 1516 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. ஆங்கிலேயர் ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1640-இல்தான் என்று வரலாற்றுப் புத்தகத்தில் நெட்டுருப் போட்டிருக்கிறோமே, அதற்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது நம் லஸ் ஆலயம். பண்டிகைக்கும் திருமணத்திற்கும் எத்தனை முறை அங்கே போயிருப்போம்! ஒருத்தியாவது அந்தக் கல்லைப் பார்த்தாளா?

அன்று மாலை சாந்தோம் போனோம். புனித தோமையாரின் கல்லறைமேல் எழுந்த பேராலயத்தின் இன்றைய கட்டிடம் 1896-இல் முடிந்தது. 1956-இல் பசிலிக்கா ஆயிற்று. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கு வந்தார். இவையெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை அக்கா சொன்னார். கபாலீசுவரர் கோவில் முற்காலத்தில் கடலோரத்தில் இருந்ததென்றும், போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிந்தபின் இன்றுள்ள இடத்தில் மீண்டும் எழுந்ததென்றும் வரலாற்றாசிரியர் கூறுகின்றனராம். நாங்கள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நால்வரும் நடந்துபோய்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டின் பக்கம் நின்று கோபுரத்தைப் பார்த்தோம். தினமும் பள்ளிக்கு வரும் வழியில் பார்க்கும் கோபுரம்தான். ஆனால் அன்று பார்த்தது போல் என்றும் பார்த்ததில்லை. பங்குனியில் அறுபத்து மூவர் விழாவன்று கூட்டத்திற்கு மோர் கொடுக்கிறார்களே, அந்த விழாக்களைப் பற்றி ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பதிகம் பாடியிருக்கிறாராம். இதெல்லாம் நடந்தால்தான் தெரிகிறது. உட்கார்ந்து படித்தால் மதிப்பெண் மட்டும்தான் வருகிறது.

தியாகராய நகருக்கு மட்டும் நமக்கு எப்போதும் அனுமதி உண்டு. துணி எடுக்கப் போகிறோமே! ஆனால் அதிகம் போயும் ஒன்றுமே பார்க்காத இடம் அதுதான். ரங்கநாதன் தெருவில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு போகையில் எதைப் பார்ப்பது? அங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் நகரை அமைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயரை நகருக்கும், முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயரைப் பூங்காவிற்கும் வைத்தார்கள். 2015-இலும் 2021-இலும் மழைத்தண்ணீர் அங்கே தெருத்தெருவாக நின்றபோது எல்லாரும் மழையைத் திட்டினார்கள். ஏரி தன் வீட்டைத் தேடி வந்ததென்று எங்களுக்கு இப்போது தோன்றுகிறது.

அடையாறு போனது ஒருமுறைதான். பிரம்மஞான சபைத் தோட்டத்தின் ஆலமரத்திற்கு நானூறு வயதுக்கு மேலாகிறது என்பார்கள். அதன் தாய்மரம் 1989-இல் விழுந்துவிட்டது. விழுதுகளே மரமாகி நிற்கின்றன. ஆறு கடலில் சேருமிடத்தில் இருக்கும் உடைந்த பாலத்திற்கு அக்காவே எங்களை விடவில்லை. அது நியாயம்தான்.

அதன்பிறகுதான் வந்தது வினை. எதிர்வீட்டு மாமி எங்களை லஸ்ஸில் கண்டுவிட்டு, "உங்கள் பெண் நோட்டும் கையுமாக ஊர் சுற்றுகிறாளே, கவனிக்கக் கூடாதா?" என்று எங்களுள் ஒருத்தியின் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன. வேடிக்கை என்னவென்றால், அதே மாமி பினாங்கு அக்காவைப் பற்றி, "எவ்வளவு தூரத்திலிருந்து வந்து நம்ம ஊரை எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறது அந்தப் பெண்!" என்று மெச்சிக்கொண்டுதான் இருக்கிறார். கடல் கடந்து வந்து பார்த்தால் கல்வி. பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பார்த்தால் ஊர் சுற்றலா?

பெரியவர்களின் அச்சம் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. பேருந்து நெரிசலில் நாங்கள் பட்டதை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். தெப்பக்குளத்தைச் சுற்றி இருட்டிய பிறகும் எங்களுக்குப் பயமே தோன்றவில்லை. பூ கட்டும் அம்மாக்கள், காய்கறிக் கூடையுடன் பாட்டிமார், வளையல் கடையில் நிற்கும் பெண்கள் என்று விடியற்காலை முதல் இரவு வரை பெண்கள் அங்கே இருக்கிறார்கள். பெண்கள் இல்லாத தெருவில்தான் பயமாக இருக்கிறது. நம்மை வீட்டிற்குள் வைத்தால் பயமுள்ள தெருக்கள் கூடுமா, குறையுமா?

கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842-இல் கட்டியது. பின்னாளில் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார் இளம் விதவைகளை அங்கே தங்க வைத்துப் படிக்க வைத்தார். அவரே சிறுவயதில் விதவையாகி, 1911-இல் பட்டம் பெற்றவர். வீட்டு மூலையில் இருக்க வேண்டியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்கள் கடலைப் பார்த்த கட்டிடத்தில் பாடம் படித்தார்கள். அன்றைய எதிர்வீட்டு மாமிகள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு தடையில்லை, அனுமதிதான் தடை. ஆகவே தலைமையாசிரியை சகோதரி அவர்களிடம் பணிவுடன் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் விடியற்காலையில் பேருந்தில் ஏற்றித் தொலைவிலுள்ள கேளிக்கைப் பூங்காவிற்கு அழைத்துப் போகிறீர்கள், மகிழ்ச்சிதான். அதோடு ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு சனிக்கிழமை, ஓர் ஆசிரியையோடு மயிலையில் நடக்க விடுங்கள். பள்ளியே அழைத்துப் போனால் அதற்கு ஊர் சுற்றல் என்று யாரும் பெயர் வைக்க முடியாதல்லவா?

அக்கா படிப்பை முடித்துக்கொண்டு சென்ற மாதம் பினாங்குக்குப் போய்விட்டார். நோட்டுப் புத்தகத்தை எங்களிடம் தந்துவிட்டார். அதில் பாதிப் பக்கங்கள் இன்னும் காலி. பொதுத்தேர்வு முடிந்த முதல் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தெப்பக்குளத்தின் அருகில் நிற்போம். வர விரும்பும் தோழியர் தண்ணீரும் குடையும் கொண்டு வரவும். அம்மாவிடம் சொல்லிவிட்டு வரவும். அம்மாவையும் அழைத்து வந்தால் இன்னும் நல்லது.