இலேசான சில்லு நல்லதுதான், ஆனால் அது வீடு வந்து சேர வேண்டும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தையும் கீழே எழுதுங்கள்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த நாட்களில், மூலையில் கிடந்த சைக்கிள்களை எல்லோரும் தூசி தட்டி எடுத்தோம். பெற்றோல் வந்ததும் பலர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் நமது பிள்ளைகளில் ஒரு கூட்டம் சைக்கிளை விடவில்லை. சுபஹ் தொழுத கையோடு கல்முனை – அக்கரைப்பற்று வீதியில் வரிசையாக ஓடுகிறார்கள். இரவிரவாக போனைத் தடவிக்கொண்டிருப்பதை விட இது ஆயிரம் மடங்கு மேல். இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நமது கவலை வேறு. இப்போது அந்தப் பிள்ளைகளின் பேச்செல்லாம் சில்லைப் பற்றித்தான். "உன்ட சில்லு எத்தனை கிராம்?" என்பதுதான் முதல் கேள்வி. கார்பன் சில்லு ஒரு சோடி வாங்குவதற்காகச் சீட்டுக் காசைக் கேட்டு வீட்டில் சண்டை பிடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உம்மாவின் காப்பு அடகுக்குப் போன வீடும் இருக்கிறது. வாங்கி வருவதோ, பேர்போன கம்பனியின் பெயரை ஒட்டிய, யார் செய்தது என்றே தெரியாத சாமான். காசு போனால் உழைக்கலாம். பின்னால் பஸ் வரும் மெயின் ரோட்டில் முன் சில்லு உடைந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு வாப்பாவும் யோசிக்க வேண்டும்.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான்: நமது பாதைக்கும் நமது வருமானத்துக்கும் ஏற்றது, நன்றாகக் கட்டப்பட்ட அலுமினிய ரிம் சில்லு. இலேசாக இருக்கட்டும். ஆனால் முதலில் உறுதி, பிறகுதான் இலேசு.

ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

சில்லின் பாரம் மற்றப் பாரத்தை விடப் பெரிது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. ரிம்மும் டயரும் முன்னோக்கியும் போகின்றன, சுற்றவும் செய்கின்றன. அதனால் வேகம் எடுக்கும் நேரத்தில் மட்டும், ஓரத்தில் உள்ள 100 கிராம் ஏறத்தாழ 200 கிராம் போல நடந்துகொள்ளும். ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த மேலதிகச் சுமை இல்லை. மேட்டில் ஏறும்போது 100 கிராம் 100 கிராம்தான்.

சைக்கிளும் ஆளும் சேர்ந்து 75 கிலோ என்று வையுங்கள். சில்லில் 200 கிராம் குறைத்தால் மொத்தத்தில் அது 0.27 வீதம். ஒரு மணித்தியாலம் விடாமல் ஏறும் மலையில் சுமார் 10 செக்கன் மிச்சம். நமது கரையோரத்தில் மலை எங்கே இருக்கிறது? இங்கே நம்மைத் தடுப்பது காற்று. கச்சான் காற்று முகத்தில் அடிக்கும் மாதங்களில் ஓடியவர்களுக்குத் தெரியும், அதன் முன்னால் 200 கிராம் ஒரு பொருட்டே இல்லை. முன்னால் போகிறவனின் பின்னால் ஒட்டி ஓடப் பழகினால் கிடைக்கும் இலாபம் எந்தச் சில்லிலும் கிடைக்காது. அதற்குக் காசும் தேவையில்லை.

அப்படியும் பாரத்தைக் குறைக்க வேண்டுமா? முதலில் டயரைப் பாருங்கள். மலிவான, கம்பி விளிம்பு வைத்த டயர் ஒன்று 350 கிராமுக்கு மேல் இருக்கும். மடிக்கக்கூடிய நல்ல டயர் 250 கிராம் அளவில் வரும். இரண்டு டயரிலும் சேர்த்து 200 கிராம், அதுவும் சில்லின் மிக வெளி ஓரத்தில், கார்பன் சில்லின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் குறைந்துவிடும். ஓட்டமும் மென்மையாகும்.

இனி உறுதிக்கு வருவோம். சில்லு பலமாக இருப்பது ரிம்மால் மட்டுமல்ல, கம்பியின் இழுவையால். எல்லாக் கம்பியும் போதிய அளவு, ஒரே சீராக இறுகியிருக்க வேண்டும். சில கம்பிகள் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவை தளர்ந்து இறுகி, தளர்ந்து இறுகி, கடைசியில் ஹப்பில் கொளுவும் வளைவில் முறிந்துவிடும். ஒரு கம்பியை நாம் முன்னும் பின்னும் வளைத்து வளைத்து முறிப்பது போலத்தான். பின் சில்லில்தான் இது அதிகம். பல் இருக்கும் வலது பக்கக் கம்பிகள் மிக இறுக்கமாகவும் இடது பக்கம் தளர்வாகவும் இருப்பதே காரணம்.

கம்பி எண்ணிக்கையும் முக்கியம். 36 கம்பிச் சில்லில் ஒன்று முறிந்தால் கொஞ்சம் நெளியும், மெதுவாக ஓட்டி வீடு வரலாம். 20 கம்பிச் சில்லில் ஒன்று முறிந்தால் ரிம் பிரேக்கில் முட்டி நிற்கும். நம் கூட ஓடும் மாணவன் ஒருவனுக்கு இது நடந்தது. விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டுதான் பஸ் ஹோல்ட் வரை நடந்தான்.

நாம் சிபாரிசு செய்வது இதுதான்:

ரிம்: அலுமினியம், உள் அகலம் 17 – 19 மில்லிமீற்றர்.

கம்பி: 60 கிலோவுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 28 போதும். 80 கிலோவைத் தாண்டியவர்கள் பின்னுக்கு 32 அல்லது 36 போடுங்கள். துருப்பிடிக்காத எஃகு, இரண்டு முனையும் 2.0, நடு 1.8 மில்லிமீற்றர் என்று மெலிந்த கம்பி கிடைத்தால் நல்லது. மெல்லியது பலவீனம் என்று நினைக்க வேண்டாம். நடுப்பகுதி சற்று இழுபட்டுக் கொடுப்பதால் வளைவில் விழும் அடி குறைகிறது. பாரமும் குறையும், ஆயுளும் கூடும்.

நிப்பிள்: பித்தளை. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அலுமினிய நிப்பிளால் ஒரு சோடிச் சில்லில் மிஞ்சுவது 40 கிராம் அளவுதான். கடல் உப்புக் காற்றில் அது எஃகுக் கம்பியோடு சேர்ந்து அரித்து இறுகிவிடும். பிறகு நெளிவு எடுக்கப் போனால் கையோடு உடைந்து வரும்.

ஹப்: ஊரில் திறந்து கிறீஸ் போடக்கூடியது. போல்ஸ் மாற்ற நம்மூர்க் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டயர்: சைக்கிளில் இடம் இருந்தால் 28 மில்லிமீற்றர், இல்லாவிட்டால் 25. குழியில் விழுந்தால் ரிம்மைக் காப்பது இந்தக் காற்றுத்தான்.

இப்படிக் கட்டினால் சோடி 1,800 கிராம் அளவில் வரும். சாதாரண ரேஸ் சைக்கிளோடு வரும் சில்லு பெரும்பாலும் 2 கிலோவைத் தொடும் அல்லது தாண்டும். ஆகவே இதுவே இலேசான சில்லுத்தான்.

யப்பானில் இருந்து வரும் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள இலக்கத்தை வாசியுங்கள். 622 என்றால் 700சி. 630 என்றால் பழைய 27 அங்குலம். பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் ஒன்றின் டயர் மற்றதற்குச் சேராது. பின் ஃபோர்க்கின் உள் அகலமும் பழையதில் 126, ரிம் பிரேக் உள்ள புதியதில் 130 மில்லிமீற்றர். அளக்காமல் காசைக் கட்ட வேண்டாம்.

"அப்படியானால் கார்பன் கூடாதா சேர்?" என்று கேட்பீர்கள். நல்ல கார்பன் பலமானதுதான். கற்கள் பதித்த பாதையில் ஓடும் பாரிஸ் – ருபே போட்டியை 2010 இல் ஃபேபியன் கான்சலாரா கார்பன் சில்லில்தான் வென்றார். ஆனால் அவருக்குப் பின்னால் மாற்றுச் சில்லோடு ஒரு கார் வந்தது. நமக்குப் பின்னால் வருவது மணல் லொறி. இன்னொன்று, ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கோடு மகியங்கனைப் பதினெட்டு வளைவில் இறங்கினால் ரிம் கொதிக்கும். தரமில்லாத கார்பனில் உள்ள பசை அந்தச் சூட்டில் இளகி, ரிம் விரியக்கூடும். தேசிய மட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு, அனுசரணையும் இருந்தால், உத்தரவாதத்தோடு வாங்கிக் கொடுங்கள். மற்றவர்களுக்கு அது ஆடம்பரம்.

புதிதோ பழையதோ, வாங்கும்போது நான்கு சோதனை செய்யுங்கள். சில்லைச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி ஆடுகிறதா என்று பாருங்கள். ஒரே பக்கக் கம்பிகளை விரலால் தட்டினால் ஏறத்தாழ ஒரே சத்தம் வர வேண்டும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஹப் ஆடக் கூடாது. பிரேக் படும் இடம் குழிந்திருந்தால் அந்த ரிம் தேய்ந்துவிட்டது, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். மழைக்காலத்தில் மணலும் தண்ணீரும் சேர்ந்து அரத்தாள் போல ரிம்மைத் தின்னும். வீடு வந்ததும் ரிம்மையும் பிரேக் கட்டையையும் துடைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

கடைசியாக ஒரு விடயம். சில்லுக் கட்டுவது ஒரு கைவினை. ஜோப்ஸ்ட் பிரான்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1981 இல் சைக்கிள் சில்லைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார், அவ்வளவு விடயம் அதில் இருக்கிறது. நமது ஊர்களில் காதால் கேட்டே கம்பியின் இழுவையைச் சொல்லும் மூத்த காக்காமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஒன்லைனில் இலட்சம் கொடுக்கும் நாம், அவர்கள் ஒரு சோடி கட்ட நியாயமான கூலி கேட்டால் பேரம் பேசுகிறோம். இப்படியே போனால் பத்து வருடத்தில் ஒரு நெளிவு எடுக்கவும் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டி வரும்.

விளையாட்டுக் கழகங்களிடம் எமது வேண்டுகோள்: ஜேர்சி அடிக்கும் காசில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். ஒரு சில்லுத் தாங்கி, சில கம்பிச் சாவிகள், ஒரு காக்காவுக்குச் சனிக்கிழமைக் கூலி, இவ்வளவுதான் தேவை. பதினைந்து பிள்ளைகள் சில்லுக் கட்டப் பழகினால் அதில் இரண்டு பேருக்காவது அது தொழிலாகும். மற்றவர்களுக்குத் தங்கள் சில்லை நம்பலாமா என்று தாங்களே சொல்லத் தெரியும். இடம் தேவையென்றால் பாடசாலை மண்டபத்துக்கு அதிபரிடம் நாம் பேசுகிறோம். எந்தக் கழகம் முதலில் வருகிறது என்று கீழே எழுதுங்கள்.