உடற்பயிற்சி மருந்து என்றால் அதற்கும் அளவு உண்டு

வாட்ஸ்அப் குழுமங்களில் மருத்துவச் செய்தி வராத நாளே இல்லை. அவற்றில் இரண்டு மட்டும் ஓயாமல் சுற்றி வருகின்றன. தினமும் நடந்தவர்கள் கொரோனாவில் சாகவில்லை என்பது ஒன்று. உடற்பயிற்சி செய்தால் நடுக்குவாதமும் பக்கவாதமும் மாத்திரை இல்லாமலே குணமாகிவிடும் என்பது மற்றொன்று. இரண்டின் அடியிலும் ‘ஆய்வில் நிரூபணம்’ என்று ஒரு வரி. ஆய்வுகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை சொல்வது வேறு.

நாம் மருத்துவர் அல்லர். ஆனால் மத்ரஸாவில் ஹதீஸ் கலை ஓதிய எவருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். செய்தியைக் கேட்டதும் அது யார் வழியாக வந்தது, எப்படி வந்தது என்று பார்க்கும் பழக்கம். மருத்துவ ஆய்வுகளுக்கும் அந்தக் கண் வேண்டும்.

முதலில் கொரோனா செய்தி. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனம், தன்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் வாரத்தில் எத்தனை நிமிடம் உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்வது வழக்கம். பெருந்தொற்று வந்தபோது அந்தப் பதிவேடு பெரிய செல்வமாகிவிட்டது. கொரோனா தொற்றிய 48,440 பேரின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்து, 2021 ஏப்ரலில் முடிவை வெளியிட்டார்கள். வாரம் 150 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உடற்பயிற்சி செய்து வந்தவர்களோடு ஒப்பிட்டால், 10 நிமிடம்கூடச் செய்யாதவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. முதுமை, உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை இரண்டையும் விட்டுவிட்டால், உடல் உழைப்பின்மையே முதல் ஆபத்தாகத் தெரிந்தது.

இந்தக் கணக்கு கனமானதுதான். ஆனாலும் இது, நடந்தவர்களையும் நடக்காதவர்களையும் பின்னாலிருந்து பார்த்து ஒப்பிட்ட ஆய்வு. ஏற்கெனவே நெஞ்சு நோயோ மூட்டு வலியோ இருப்பவர் நடக்காமல் இருந்திருப்பார். அவரைக் கொன்றது நடக்காததா, அந்த நோயா? ஆய்வாளர்கள் வயது, சர்க்கரை, உடல் பருமன் எல்லாவற்றையும் கழித்துத்தான் கணக்குப் போட்டார்கள். என்றாலும் முழுவதும் கழிக்க முடியாது. ஆகவே நடை ஒரு பாதுகாப்பு என்று சொல்லலாம், நடந்தவர் சாகமாட்டார் என்று சொல்ல முடியாது.

இதை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் அரசுக் கணக்கின்படியே 38 ஆயிரம் பேருக்கு மேல் கொரோனாவில் இறந்தார்கள். சுகாதாரத் துறை அன்றாடம் வெளியிட்ட அறிக்கையில் இறந்தவரின் வயதும், அவருக்கு இருந்த சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வரிசையாக அச்சாகியிருக்கும். அந்த வரிகளில் நம் உறவினர்களும் இருந்தார்கள். கொள்ளை நோயில் மரணித்தவருக்கு மார்க்கத்தில் உள்ள உயர்ந்த தகுதியை நாம் அறிவோம். அவர்களைப் பார்த்து ‘நடந்திருந்தால் பிழைத்திருப்பார்’ என்று பேசுவது ஆய்வுக்கும் பொருந்தாது, அதபுக்கும் பொருந்தாது. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீனுக்குப் போய்வந்த தப்லீக் சகோதரர்கள் மீது நோயின் பழி முழுவதையும் தூக்கிப் போட்டபோது ஒரு சமுதாயமாக நமக்கு எப்படி வலித்தது என்பது மறந்திருக்காது. நோயாளிமேல் பழி போடுவது எந்த உருவத்தில் வந்தாலும் அதே வேலைதான்.

மேலும் அந்த நாட்களில் நடக்க விட்டார்களா? திருச்சியில் வயதான ஆண்களுக்குப் பெரும்பாலும் பள்ளிவாசலுக்குப் போய்வரும் ஐவேளை நடைதான் உடற்பயிற்சி. காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்களுக்கு உத்திர வீதியையும் சித்திரை வீதியையும் சுற்றி வருவதும் கோயில் பிரகாரமும்தான். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் இரண்டும் ஒரே நாளில் நின்றன. பெரிய வழிபாட்டுத் தலங்கள் தமிழ்நாட்டில் திறந்தது செப்டம்பர் 1 அன்று. ஐந்து மாதம் எழுபது வயதுக்காரர் ஒருவர் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே இருந்தால் கால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் கணக்குப் போடவில்லை.

மருத்துவமனைக்குள்ளே நடந்தது இன்னொரு பாடம். குணமடைந்த தப்லீக் சகோதரர்கள் டெல்லியிலும் மற்ற ஊர்களிலும் முன்வந்து பிளாஸ்மா கொடுத்தார்கள். பழி சுமத்தியவர்களுக்கே இரத்தத்திலிருந்து எடுத்துக் கொடுத்த அந்த மனதை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் பிளாஸ்மா உயிர் காத்ததா? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் பிளாஸ்மா கொடுத்துப் பார்த்தது. நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து ஒரு பக்கம் 19 சதவீதம், மறுபக்கம் 18. வித்தியாசமே இல்லை. 2021 மே மாதம் சிகிச்சைப் பட்டியலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்துவிட்டார்கள். கொடுத்தவரின் நன்மை கொடுத்தவருக்கு உண்டு. மருந்தின் பலன் தனிக் கேள்வி.

உண்மையில் உயிர் காத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற விலை குறைந்த ஸ்டீராய்டு. இங்கிலாந்தில் 2020 ஜூனில் வந்த முடிவு அது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கு அதே மருந்து எந்தப் பலனும் தரவில்லை. இரண்டாம் அலையில் தேவையில்லாத நேரத்திலும் அளவுக்கு மீறியும் ஸ்டீராய்டு வாங்கிப் போட்ட சர்க்கரை நோயாளிகள் எத்தனையோ பேரைக் கருப்புப் பூஞ்சை பிடித்ததையும் பார்த்தோம். ஒரே மருந்துதான். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

உடற்பயிற்சியும் அப்படித்தான். நரம்பு நோயில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மருத்துவமனையிலிருந்து வந்ததும் ஹாலில் ஒரு கட்டில் போடப்படுகிறது. ‘நீங்க அசையாதீங்கத்தா, நாங்க பார்த்துக்கிறோம்’ என்கிறார்கள் பிள்ளைகள். பார்க்க வருபவர்கள் எல்லாரும் ‘ரெஸ்ட் எடுங்க’ என்று சொல்லிவிட்டு ஆப்பிள் வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாம் பாசம்தான். ஆனால் தசைக்குப் பாசம் தெரியாது. லண்டன் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த நோயாளிகளை அளந்து பார்த்த ஓர் ஆய்வில் (2013), பத்தே நாளில் தொடைத் தசையின் பரப்பு 17.7 சதவீதம் குறைந்திருந்தது. வீட்டுக் கட்டிலில் கிடப்பவர் அந்த அளவுக்கு நோயாளி இல்லைதான். ஆனாலும் உழைக்காத தசை தேயும் என்பது அங்கும் இங்கும் ஒன்றே.

அப்படியானால் முதல் நாளே எழுப்பி நடக்க வைக்கலாமா? அதையும் சோதித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 2,104 பக்கவாத நோயாளிகளில் ஒரு பிரிவினரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் வைத்தார்கள். 2015இல் வந்த முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 46 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 50 சதவீதம். நல்லதுதானே என்று அவசரப்பட்டு அளவைக் கூட்டியது பலனைக் குறைத்துவிட்டது.

நம் நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஆய்வு இன்னொன்று. பக்கவாதம் வந்த ஏழைக்கு பிசியோதெரபிஸ்ட் எங்கே கிடைப்பார், வீட்டில் ஒருவருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணத்தில், இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் 2014 முதல் 2016 வரை முயன்று பார்த்தார்கள். மனைவியோ மகனோ மருமகளோ, வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி முறைகளைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். மருந்து போல விலையில்லாத, நம் குடும்ப அமைப்புக்கு மிகவும் பொருந்திய யோசனை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்களும், பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து இந்தப் பக்கமும் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம்.

இந்த எண் நம்மை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. குடும்பத்தின் கவனிப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டு பிரிவிலும் குடும்பம் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. முறையாகப் படித்த ஒருவரின் வேலையை, ஏற்கெனவே சமையலும் பிள்ளைகளும் நோயாளியின் கழிப்பறைத் தேவையும் என்று ஓடிக்கொண்டிருக்கும் மருமகளின் தோளில் ஏற்றினால் பலன் கிடைக்காது என்பதே நாம் இதில் படிப்பது. ‘வீட்டிலேயே நல்லா பார்த்துக்கிறாங்க’ என்ற சொல்லை அரசும் சொல்லக்கூடாது, ஜமாஅத்தும் சொல்லக்கூடாது.

நடுக்குவாதத்தில், அதாவது பார்கின்சன் நோயில், நல்ல செய்தி இருக்கிறது. 2018இல் அமெரிக்காவில், நோய் தொடங்கி இன்னும் மாத்திரை ஆரம்பிக்காத 128 பேரிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். நெஞ்சுத் துடிப்பு அதிகபட்ச அளவில் 80 முதல் 85 சதவீதம் எட்டும் அளவுக்கு டிரெட்மில்லில் வேகமாக நடந்தவர்களுக்கு, கை கால் இயக்கம் ஏறத்தாழ முன்பிருந்த நிலையிலேயே நின்றது. வழக்கமாக இருந்தவர்களுக்கு நோய் ஏறியது. மிதமாக நடந்தவர்களுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் 130 நோயாளிகளை வாரம் மூன்று முறை வீட்டுக்குள்ளேயே நிலை சைக்கிள் மிதிக்க வைத்தபோதும் இயக்கம் மோசமாவது குறைந்தது. இந்த ஆய்வுகள் சிறியவை. நோய் குணமானதாக எதிலும் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆய்வும் இதில் இல்லை. வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

இங்கே நம் ஆலிம் பெருமக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தொழுகையே சிறந்த உடற்பயிற்சி’ என்று பயான்களில் சொல்கிறோம். தொழுகை இபாதத். ஒரு நாளின் 17 ரக்அத் ஃபர்ளுகளைத் தொழுதாலும் நெஞ்சுத் துடிப்பு அந்த ஆய்வுகள் கேட்கும் அளவுக்கு ஏறாது. மூட்டுகள் அசையும், நன்மை உண்டு, ஆனால் நடைப்பயிற்சிக்கு அது பதிலல்ல. தொழுகைக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை. மறுபக்கம், ஸஜ்தாவிலிருந்து எழும்போது தடுமாறும் நடுக்குவாத நோயாளிக்கு உட்கார்ந்து தொழும் சலுகையை மார்க்கம் தந்திருக்கிறது. பிறர் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ள வேண்டாம். அதேசமயம் நாற்காலியில் தொழுவதால் வெளியேயும் நடக்க வேண்டாம் என்று ஆகிவிடாது. (கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும் நடுக்குவாத நோயாளிகளுக்குத் தரையில் குறுக்குக் கோடு இருந்தால் அதைத் தாண்டி அடியெடுத்து வைப்பது எளிதாகிறது என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. ஸஃப்புக் கோடுகளைப் பார்க்கும்போது நமக்கு இது நினைவுக்கு வரும்.)

பெண்கள் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் எடுக்கப்பட்டு 2014இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், பாதிக்கு மேற்பட்டோர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். அதிலும் பெண்கள் அதிகம். ஆண்களாவது பள்ளிவாசலுக்கு நடக்கிறார்கள். நம் அம்மாமார்களுக்கு அதுவும் இல்லை. வீட்டு வேலையே போதும் என்கிறோம், ஆனால் சர்க்கரையும் அழுத்தமும் அவர்களையும் தேடி வருகின்றன. அவைதான் பக்கவாதத்தின் வாசற்படி. பெண்கள் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகலாமா என்று நம்மிடம் கேட்கப்படுவதுண்டு. உரிய ஆடையோடு, பாதுகாப்பான இடத்தில், நான்கு பேராகச் சேர்ந்து உடல்நலத்துக்காக நடப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. தடுப்பது பெரும்பாலும் தெருவின் பேச்சுதான்.

ஒரு பக்கம் வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினால் 108ஐ அழைத்து ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்; அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம். வீடு திரும்பும்போது ‘எப்போது உட்கார வைக்க வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம்’ என்று மருந்துச் சீட்டைக் கேட்பது போலக் கேட்டு எழுதி வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 

பைத்துல்மால் நடத்தும் ஜமாஅத்துகள் மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் தாராளமாகக் கொடுக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். பிசியோதெரபிக்கு என்று யாராவது மனு கொடுத்தால் ‘அது வெறும் எக்ஸர்சைஸ்தானே’ என்று ஒதுக்குவதை நிறுத்தலாம். ஏழை நோயாளிக்கு அதுவும் சிகிச்சைச் செலவுதான். வாரம் இரண்டு நாள் ஒரு பிசியோதெரபிஸ்டை மஹல்லாவுக்கு வரவழைத்து, படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு அனுப்ப ஒரு நடுத்தர ஜமாஅத்தால் முடியும். அதற்கு முதலில் எந்தெந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்ற பட்டியல் வேண்டும். சந்தா வசூலிக்க வீடு வீடாகப் போகிறவர்களே அதையும் கேட்டு எழுதி வரலாம்.